ஷோ கேட்க முடியாத சீட்டு

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு யார் ஜீப்பில் ஆள் ஏற்றுவது என்று ஏற்காடு ஸ்டாண்டில் ஒரு வருஷம் மண்டை உடைந்தது. அதிலிருந்து டிரிப்பை மூணு சீட்டு ஆடித்தான் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு ஜீப்புக்கு இருபது தீக்குச்சி. ஆட்டம் முடியும்போது கையில் எத்தனை குச்சியோ அத்தனை டிரிப். எல்லாருக்கும் பொதுவான நியாயம் என்று பேச்சு. பொன்னுவேலுக்கு மட்டும் மூன்று ஜீப், அறுபது குச்சி. அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

வேடியப்பனுக்கு இருப்பது ஒரே ஜீப். மாதக் கடைசியில் எஃப்.சி., வண்டித் தகுதிச் சோதனை. நான்கு டயரும் மொட்டை. திருவிழா டிரிப் ஓடினால்தான் டயர். இல்லாவிட்டால் ஜீப் மஞ்சக்குட்டையில் வீட்டுக்குப் பின்னால் கோழி அடைய நிற்க வேண்டியதுதான்.

மத்தியானத்திலிருந்து மழை. தார்ப்பாய்க்கு அடியில் கடைசி ஆட்டம். மூத்த டிரைவர் மாதப்பன் சீட்டுப் போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கவிழ்த்துவிட்டு விலக, மிஞ்சியது இரண்டே பேர். வேடியப்பனிடம் பன்னிரண்டு குச்சி. பொன்னுவேல் முன்னால் ஒரு குவியல்.

பொன்னுவேல் பிளைண்ட் ஆடினார். சீட்டைப் பார்க்கவே இல்லை. அதன் மேல் வெற்றிலைப் பொட்டலத்தை வைத்துவிட்டு மழையை வேடிக்கை பார்த்தார். வேடியப்பனும் அப்படியே இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? எடுத்துப் பார்த்துவிட்டான்.

மூன்றும் ஒன்பது.

இதை அடிக்க இதைவிடப் பெரிய சீட்டு மூன்று ஒரே மாதிரி விழ வேண்டும். டயர் வந்துவிட்டது என்றே நினைத்தான், பாவம்.

"பாத்துட்டியா சாமி? அப்ப ரெட்டிப்பு வெக்கோணும்," என்றார் மாதப்பன்.

பார்க்காதவர் ஒன்று வைத்தால் பார்த்தவன் இரண்டு. வைத்தான். பொன்னுவேல் பிளைண்டை இரண்டாக ஏற்றினார். இவன் நான்கு வைத்தான். அவர் இரண்டு. இவன் மறுபடியும் நான்கு. அவர் இன்னும் இரண்டைத் தள்ளினார். வேடியப்பன் கையில் மிச்சம் இரண்டே குச்சி. இப்போது நான்கு வைக்க வேண்டும்.

"மாமா, ஷோ கேக்கறனுங்க. ரெண்டு பேரும் சீட்டைத் திருப்பிக் காட்டட்டுமுங்க."

"பிளைண்ட் ஆடறவருகிட்டப் பாத்தவன் ஷோ கேக்க முடியாது. உனக்குத் தெரியாததா?" என்றார் மாதப்பன்.

தெரியும். பதினைந்து வருஷமாகத் தெரியும். பார்க்காமலே இருந்திருந்தால் இந்த இரண்டு குச்சி போதும், ஷோ கேட்டு அத்தனையும் வாரியிருக்கலாம். தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அண்ணா, ஒருக்காப் பாத்துட்டு ஆடுங்களே."

"எனக்கென்னங்க அவசரம்? நீங்கதான் நொம்ப அவசரப்படறீங்க." பொன்னுவேல் வெற்றிலையை மென்றார்.

"குச்சி இல்லீன்னா சாவி வெக்கலாம் சாமி," என்றார் மாதப்பன், முகத்தைப் பார்க்காமல். சாவி இருபது குச்சிக்குச் சமம். தோற்றால் ஒரு வருஷம் ஜீப் பொன்னுவேலுக்கு ஓடும்.

வேடியப்பன் சாவியை எடுத்தான். மூன்று ஒன்பது வைத்துக்கொண்டு எவனாவது கவிழ்ப்பானா? அப்புறம்தான் அந்தக் குவியல் கண்ணில் பட்டது. அவர் நான்காக ஏற்றினால் இவன் எட்டு. இரண்டு சுற்றில் சாவியும் போய்விடும், அப்போதும் அவர் சீட்டு பொட்டலத்துக்கு அடியில்தான் கிடக்கும். அவரை யாரும் பார்க்கவைக்க முடியாது. அவர் ஜெயிக்கச் சீட்டே வேண்டாம். வேடியப்பன் மூன்று சீட்டையும் கவிழ்த்தான்.

"கீழ வெச்சுட்டேனுங்க," என்றான்.

பொன்னுவேல் அப்புறம்தான் தன் சீட்டைத் திருப்பினார். இரண்டு, ஐந்து, ஒரு ஜாக்கி. தார்ப்பாய்க்குள் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"நீங்க என்னங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் பொன்னுவேல்.

"ஒண்ணுமில்லீங்ணா." வேடியப்பன் தன் மூன்று சீட்டையும் கட்டுக்குள் செருகிக் கலைத்தான். அந்தச் சந்தோஷத்தையும் அவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

பொன்னுவேல் குச்சிகளைத் துண்டில் வாரி முடிந்தார்.

"டிரிப்பு நொம்பச் சேந்துபோச்சுங்க. மூணாவது வண்டிக்கு டிரைவர் இல்லை. திருவிழா மூணு நாளும் ஓட்டறீங்களா? சம்பளம் தந்தர்றேன்."

வேடியப்பன் தன் ஜீப்பின் டயரைப் பார்த்தான். மிஞ்சிய இரண்டு டிரிப்பில் ஒரு டயர்கூட வராது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"காலையில எத்தனை மணிக்குங்ணா வரோணும்?"