பெட்டி விழிக்கும் ஓசை

1.

வாசகப் பெருமக்களுக்குப் பணிவான வணக்கம். இக்கதை என் காதில் விழுந்த ஒரே வாக்கியத்திலிருந்து பிறந்தது: “ரெண்டாவது தடவ அமுக்காதக்கா.” சொன்னவர், லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தில் ஓடும் சிறு பாட்டுப்பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுபவர். அவருடைய அக்காவுக்குச் சென்ற ஆண்டு பார்வை போயிற்று.

பெட்டி விழித்தெழ இருபத்தாறு நொடி ஆகும். அதுவரை பேச்சுமூச்சு இராது. ஒரு விளக்கு மட்டும் மினுக்கும். பொத்தான் அமுங்கவில்லை என்றெண்ணி அக்கா மீண்டும் அமுக்குவார். பெட்டி அணைந்துவிடும்.

(முதலில், ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்’ என்று தொடங்கியிருந்தேன். மழைக்கு இங்கே வேலையில்லை. பொறுத்தருள்க.)

2.

“பெட்டியப் போடத் தெரியாதவளுக்குத் தனி வீடு எதுக்குன்னு கேப்ப. அதானே?”

“நான் எப்பக்கா கேட்டேன்?”

“வாயால கேக்கல. பெருமூச்சு விடுற பாரு, அதுல கேக்குது.”

உண்மைதான். தம் வீட்டில் அக்காவுக்கென்று ஓர் அறையைத் தம்பி ஏற்கெனவே ஒழித்து வைத்திருந்தார். ஆயினும், பெட்டி விழித்துவிட்டதை அறிவிக்கத் தொடக்க ஒலி ஒன்றைச் சேர்க்க முனைந்தார். அதற்கான கட்டளையை முந்திரிக்கொட்டைபோல் தொடக்க நிரலின் முதல் வரியிலேயே வைத்தார். பெட்டி வாய் திறக்கவில்லை. ஓசை எழுப்பும் ஒலி அட்டையே அப்போது விழித்திருக்கவில்லை. கட்டளையைக் கடைசி வரிக்கு இறக்கியதும், “தயார், அக்கா” என்று தம்பியின் குரலில் பேசிற்று.

“என் வீட்ல உன் குரல் எதுக்குடா? காவலுக்கா?”

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்காவின் கண்களில்—

(மன்னிக்கவும். கண்களைப் பற்றி எழுதுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன்.)

3.

அக்கா தம் வாசல் தாழ்ப்பாளைத் தாமே நீக்கி, அந்த ‘டக்’கைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். தம்பி அதையே பெட்டியில் ஏற்றினார். தேவையற்ற நிரல்களை நீக்கி, காத்திருப்பை இருபது நொடியாகவும் குறைத்தார். அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஓசையற்ற அந்த இருபது நொடிக்குத் துணை எதுவுமில்லை.

“நீ கெளம்பு. இங்க இருந்தா உனக்கு வாய் சும்மா இருக்காது.”

“சரிக்கா. ஆனா ரெண்டாவது தட—”

“கெளம்புடா!”

தம்பி போய்விட்டார். அக்கா பொத்தானை ஒருமுறை அமுக்கினார்.

4.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், இரண்டாம் முறை அமுக்கப்போன அக்காவின் விரலைப் பின்னுக்கு இழுத்தேன். மற்றொன்றில் ‘டக்’கை இரண்டு நொடி முன்னதாகவே ஒலிக்கச் செய்தேன். இரண்டிலும், அவர் கேளாத உதவியையே நானும் செய்திருந்தேன். நாணி, இரண்டையும் கிழித்துவிட்டேன்.

விரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருக்கிறது. அக்காவைத் தங்கள் முன்னிலையில் விட்டு, நானும் வெளியேறுகிறேன். ஒரே விண்ணப்பம்: அருள்கூர்ந்து, தாங்களும் எதுவும் சொல்லிவிட வேண்டாம்.