படகில் ஏறியவர்

தன் மனைவி வாசலில் விட்டிருந்த வீட்டுச் செருப்பை லிஃப்ட்காரர் காலால் எத்தி, சுவரைப் பார்க்கத் திருப்பினார். அவள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, அவள் செருப்பு மட்டும் எந்த நிமிடமும் கிளம்பத் தயார் என்பதுபோல வெளியே பார்த்து ஒட்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவளுக்கு இந்தப் பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து, செருப்பைத் திருப்பி, அதன் மூக்கு தெருவைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருத்தி எதற்காகச் செருப்பைப் போகிற திசையில் வைப்பாள்? இதை அவர் நிறைய யோசித்திருக்கிறார். யோசித்தாரே தவிர, அவளிடம் கேட்டதில்லை.

எத்திய பிறகுதான் கவனித்தார். வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று ஜோடிகள் அதேபோல் வெளியே பார்த்து நின்றன. ஒரு பெரிய கனத்த ஷூ, ஒரு வெள்ளைச் செருப்பு, பாலிஷ் மின்னுகிற ஒரு கறுப்பு ஷூ.

"நீ கீழ வண்டிக்குச் சொல்லப் போனப்ப மூணு பேர் உள்ள வந்தாங்க," என்றாள் அக்காக்காரி, காதோரம் குனிந்து. "ரெண்டு ஆம்பள, ஒரு பொண்ணு. யாருன்னு கேட்டா கூடப் படிச்சவங்களாம். இந்த வயசுல என்ன படிப்பு? செருப்பக்கூடத் திருப்பி வெச்சிருக்காங்க பாரு, மாட்டினா ஓடுறதுக்கு வசதியா."

"அக்கா, மெதுவா பேசு."

"ஒருத்தி செத்துக் கிடக்கிறா, நான் எதுவும் பேசக்கூடாதுன்னுதான் இருக்கேன்," என்று ஆரம்பித்து அவள் பேசாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நேற்றுச் சாயங்காலம் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவள், தம்பியின் சந்தேகத்தையும் தன் சாமானோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டாள். "அந்தக் கறுப்பு ஷூக்காரர் இருக்காரே, தல நரைச்சாலும் ஆள் என்னமோ சினிமாக்காரர் மாதிரிதான் இருக்காரு. நான் பாத்ததச் சொல்றேன், அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் அந்தக் கறுப்பு ஷூவை இன்னொரு முறை பார்த்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கிற அவருடைய தொழிலே சந்தேகப்படுவதுதான். லிஃப்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாரென்றால், வருகிற சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் எது தேய்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான் காதைத் தீட்டி வைத்திருந்தார். அவர் மனைவி செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த வட்டாரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற வயசாளிகளில் பாதிப் பேர் அவள் கைவேலை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "ஜப்பான் மொழி கத்துக்கப் போறேன்," என்றாள். "யாருகிட்டப் பேச, பல்லுகிட்டயா?" என்றார் இவர். அந்த நகைச்சுவையில் அவருக்கே ஒரு பெருமை. மறுநாள் வேலையிடத்திலும் சொல்லிச் சிரித்தார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தாமதமாக வந்தாள்.

அதற்கப்புறம் என்னென்னவோ நடந்தன. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே புரியாத பாஷையில் முணுமுணுப்பும், தனக்குத்தானே ஒரு சிரிப்பும் கேட்டன. சாப்பாட்டு டப்பாவைச் சதுரத் துணியில் வைத்து, ஏதோ பிறந்தநாள் பரிசு மாதிரி முடிச்சுப் போட்டு எடுத்துப் போனாள். காலி ஜாம் பாட்டிலில் ஒரே ஒரு குச்சியைச் செருகி வைத்து, அதை எட்ட நின்றும் கிட்ட நின்றும் பார்த்தாள். போனில் பேசும்போது எதிரே இருக்கிற வெறும் சுவருக்கு இடுப்பு வளைய வணக்கம் வைத்தாள். ஒருமுறை அந்தப் போன் மேசைமேல் துடித்தபோது எட்டிப் பார்த்தார். 'சென்சே' என்றிருந்தது. "அது என்ன பேரு, கொஞ்சுற மாதிரி?" என்று கேட்டாள் விஷயம் காதுக்குப் போன அக்காக்காரி. பல் செய்கிறவள் ஜப்பான் மொழி படிக்கிறாள் என்று நம்புவதைவிட, அவளுக்கு வேறொரு ஆள் இருக்கிறான் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது.

நேற்று, திங்கட்கிழமை மதியம், யாருடையதோ ஒரு கீழ்வரிசைப் பல்லைக் கையில் பிடித்தபடியே அவள் வேலை மேசையில் சாய்ந்துவிட்டாள். நெஞ்சு நின்றுபோயிருந்தது. செய்தி வந்ததிலிருந்து இந்த நேரம்வரை அவர் அழவில்லை. வந்தவர்களெல்லாம் அதிர்ச்சி என்றார்கள். அதிர்ச்சியெல்லாம் இல்லை. அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அது வண்டி வருவதற்குள் கிடைத்தாக வேண்டும். வண்டி போய்விட்டால், அப்புறம் காலம் பூராவும் இப்படியே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே போனார். மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று, இடுப்பிலிருந்து மடங்கி, அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்கள். மாடி வீட்டு அம்மாள் அவர்களுக்கு ஏதோ கீழே விழுந்துவிட்டதென்று நினைத்துத் தரையைத் தேடினாள். நிமிர்ந்ததும் முதலில் வந்து அவர் கையைப் பிடித்தவர் பஸ் டிரைவர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"சார், உங்கள இப்பதான் பாக்கறேன். ஆனா ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கு," என்றார். "அந்தப் படகு விஷயம்தான் சார் மனசுல ஓடிட்டே இருக்கு."

"எந்தப் படகு?"

"ஏரியில போனீங்களே, அந்தப் படகு," என்றாள் பக்கத்தில் நின்ற, வெள்ளைச் செருப்புக்குரிய நர்ஸ். "ஏறும்போது உங்க இடது கால் செருப்பு தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னு பல்லக்கா சொன்னாங்க. திரும்பி வரும்போது ஒத்தச் செருப்போடயே பஸ்ல வந்தீங்களாம். வகுப்புல அன்னைக்கு எல்லாரும் சிரிச்சு, சொல்லிக் குடுத்ததே மண்டையில ஏறல." பல்லக்கா என்பது வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பெயர் போலிருக்கிறது.

லிஃப்ட்காரர் இந்த ஜென்மத்தில் படகில் ஏறியதில்லை. தொட்டித் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலே தள்ளி நிற்கிற ஆள். அக்காக்காரி கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டார், குரலை லெவலில் வைத்துக்கொண்டு.

"வாரா வாரம் ஒரு எடம்," என்றார் டிரைவர். "மலைமேல கோட்டைக்குப் போனீங்க. மழையில மாட்டிக்கிட்டு ஒரே குடைக்குள்ள நடந்தீங்க, குடை முழுக்க அவங்க பக்கமா சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு நீங்க நனைஞ்சிட்டீங்க. அதக் கேட்டுட்டு எங்க வீட்டம்மா என்னை ஒரு வாரம் குத்திக் காட்டினா. உங்களால எனக்கு வீட்டுல நிம்மதியே போச்சு சார்."

குடை. மலை. படகு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடியாக அவரை இறக்கியது. கறுப்பு ஷூவுக்குரிய நரைத்த தலைக்காரர் பேசாமல் கைகட்டி நின்றார். "சென்சே, நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் நர்ஸ் அவரைப் பார்த்து.

லிஃப்ட்காரர் திரும்பினார். "நீங்கதான் அதுவா?" என்றார். "கொஞ்சம் வெளிய வாங்க."

லிஃப்டுக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில் இருவரும் நின்றார்கள். அந்த லிஃப்டில் ஒரு ஆளைப் படுக்க வைத்து இறக்க முடியாது; அளவெடுக்காமலே அவருக்குத் தெரியும். படிவழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். கதவுக்குப் பின்னால் அக்காக்காரியின் புடவைத் தலைப்பு தெரிந்தது.

"சுத்தி வளைக்க எனக்கு நேரமில்ல. வண்டி வந்துடும்," என்றார். "அவளோட படகுல போனது நீங்கதானே?"

நரைத்த தலைக்காரர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "நானா? முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில வேல பாத்தவன் சார். கரையேறினதுக்கு அப்புறம் ஒரு வாளித் தண்ணிகூட எனக்குப் பிடிக்கிறதில்ல. நான் எதுக்குப் படகுல போறேன்? நான் பாடம் சொல்லிக் குடுக்கறவன். சென்சேன்னா வாத்தியார். செருப்ப வாசலப் பாக்கத் திருப்பி வைக்கிறது, குனிஞ்சு வணக்கம் வைக்கிறது எல்லாம் ஜப்பான்ல மரியாதை, அதையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப யாரு?"

"யாருன்னா? நீங்கதான். வகுப்புல ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். எல்லாரும் நாள் பூரா உழைச்சுட்டு, தூக்கக் கலக்கத்தோட வர்றவங்க. நேரா பாடத்துல எறங்கினா சாமியாட ஆரம்பிச்சிடுவாங்க. அதனால வந்து உக்காந்ததும் போன ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சோம்னு ஒவ்வொருத்தரா ஜப்பான் மொழியில சொல்லணும். உங்க வீட்டம்மா ஆரம்பத்துல எப்பவும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. 'என் கணவர் தூங்கினார். நான் துணி மடித்தேன்.' அடுத்த வாரமும் அதே. அதுக்கடுத்த வாரமும் அதே. 'அம்மா, இப்படியே இருந்தா உங்களுக்கு மொழி வளராது, வேற ஏதாவது சொல்லுங்க'ன்னேன்." வாத்தியார் கொஞ்சம் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "அப்புறம்தான் நீங்க ரெண்டு பேரும் வெளிய போக ஆரம்பிச்சீங்கன்னு நெனைக்கிறேன்."

லிஃப்ட்காரர் எதிரே இருந்த லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படகுல," என்றார் கடைசியில். "அந்த ஆளு எப்படி இருந்தான்னு சொன்னாளா?"

"நல்லாவே. வார்த்தை தெரியலன்னா நடிச்சே காட்டுவாங்க. குளுந்த தண்ணி முகத்துல பட்டதும் வரிசையா தும்மினீங்களாம், நிறுத்தவே முடியலயாம். அப்புறம் நடு ஏரியில கண்ண மூடிக்கிட்டு உக்காந்துட்டீங்க. பயந்துட்டீங்கன்னு அவங்க நெனைச்சாங்க. நீங்க கண்ணத் திறக்காமலே, 'துடுப்புல ஒரு போல்ட்டு லூசா இருக்கு'ன்னு சொன்னீங்களாம்." வாத்தியார் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். "அந்தப் போல்ட்டுங்கற வார்த்தைக்காகத்தான் முந்தின நாள் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க."

கதவுக்குப் பின்னால் இருந்த தலைப்பு அசையவில்லை.

தும்மலும் அவருடையது. கண்ணை மூடுகிறதும் அவருடையது. அந்தப் போல்ட்டை உலகத்தில் வேறு எவன் கேட்டிருக்கப்போகிறான். லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'ஒரு ஏரிக்கும் போகல, எல்லாம் பொய்' என்று சொல்லியிருக்கலாம். வாத்தியாரின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அரைகுறையாகத் தெரியும் போலத்தான் இருந்தது.

"வாங்க, உள்ள போலாம்," என்றார்.

கூடத்தில் நர்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். "சார், கேக்கலாமான்னு தெரியல. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. வகுப்பு இருக்கற நாள். போன ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போனீங்கன்னு பல்லக்கா எங்களுக்குச் சொல்லாமலே போயிட்டாங்க."

கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் அவரைப் பார்த்தார். அக்காக்காரியும் பார்த்தாள், அவள்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து, தூக்கத்தில் இருந்த தம்பியை எழுப்பியவள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவள் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வேலையிடத்துக்குப் பின்னால் ஒரு மரம் பூத்திருக்கிறது, கொட்டுவதற்குள் ஒருமுறை போய் அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், ஜப்பானிலெல்லாம் ஊரே கூடி அப்படித்தான் உட்காருமாம் என்றாள். "பூவுன்னா பூக்கும், கொட்டும். இதுல போய்ப் பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அப்புறம் துணி மடிக்கிற சத்தம் கேட்டது.

"அவ வேலை செய்யிற எடத்துக்குப் பின்னால ஒரு மரம் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர். "பூத்திருந்துச்சு. பாக்கப் போனோம்."

"தம்பி, ஞாயித்துக்கிழமை நீ..." என்று அக்காக்காரி ஆரம்பித்தாள்.

"சாப்பாட்ட எடுத்துட்டுப் போனோம்க்கா. அந்தத் துணியில முடிஞ்சு." அவர் அக்காவைப் பார்க்காமலே சொன்னார். "அடியில உக்காந்தோம். நல்ல காத்து."

"என்ன பேசினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் நர்ஸ்.

அவர் யோசித்தார். இத்தனை வாரமும் இது அவளுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பெருசா ஒண்ணும் பேசல. பூ கொட்டிச்சு. அவ தல மேல கொஞ்சம். தட்டி விடட்டான்னு கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும்னா."

வாத்தியார் வாய்க்குள்ளேயே அதை வேறு மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். டிரைவர் தன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்காக்காரி வாயைத் திறந்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அது ஒரு பெரிய சாதனை.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது.

ஆட்கள் கூடிப் படிவழியாகத் தூக்கினார்கள். தலைமாட்டில் டிரைவர் கை கொடுத்தார். திருப்பத்தில் எப்படி வளைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லிஃப்ட்காரர் கடைசியாக வாசலுக்கு வந்தார். போகிற அவசரத்தில் எல்லாரும் மிதித்துக் கலைத்ததில் செருப்புக் குவியல் தாறுமாறாகக் கிடந்தது. அவள் செருப்பு மட்டும், காலையில் அவர் எத்திவிட்ட இடத்திலேயே சுவரைப் பார்த்து நின்றது. குனிந்து எடுத்து, வெளியே பார்க்கத் திருப்பி ஒட்டி வைத்தார்.

தன்னுடைய வலது செருப்பு கிடைத்தது. மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணு இதோ கிடக்குது பாரு," என்று அக்காக்காரி குவியலுக்கு அடியிலிருந்து இடது செருப்பை இழுத்து நீட்டினாள்.

"வேண்டாம்க்கா."

"ஒத்தச் செருப்போடயா போவ? ரோட்டுல நாலு பேர் பாக்க மாட்டாங்களா?"

அவர் இறங்க ஆரம்பித்திருந்தார். ஒரு படிக்குச் செருப்புச் சத்தம் வந்தது, அடுத்த படிக்கு வரவில்லை. கீழ்த்தளத்துத் திருப்பத்தில் நர்ஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து, அவர் காலைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அதைக் கேட்டபடியே இறங்கி வந்துகொண்டிருந்தார்.