பிரேக் டிரம் ஆடிய முற்றம்

மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாத கொழுந்தன் ஒரு காலையில் தானாகவே வந்து, "அண்ணி, உங்க அடிகுழாய்க்கு ஒண்ணு செஞ்சு கொண்டாந்திருக்கேன்" என்று நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சலவைக்காரிக்கு வந்தது.

முற்றத்தைப் பங்கு பிரித்தபோது குழாய் அண்ணன் பக்கம் போய்விட்டது. அந்த மனத்தாங்கலில் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு, தன் வெல்டிங் பட்டறையோடு ஒதுங்கியவன் தம்பி. இப்போது அவன் தோளில் நீளமான இரும்புச் சட்டம். தள்ளுவண்டியில் பழைய லாரியின் பிரேக் டிரம்.

"உங்களுக்குத் தோள்வலியாமே."

"என் தோள்வலி உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க முனகுறது பட்டறை வரைக்கும் கேக்குது."

அது பொய்யில்லை. இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவளிடம்தான் வந்தன. நாளைக்கு நூற்றிருபது வாளியாவது அடிக்க வேண்டும். மாலையில் தலைவாரக்கூட வலது கை மேலே எழாது.

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனுக்குத் தம்பி வாசல்படி மிதித்ததே பெரிய சந்தோஷம். "செய்யட்டுமே, நமக்கென்ன போச்சு?" என்றான்.

மதியத்துக்குள் குழாயின் கைப்பிடி கழன்றது. அந்த இடத்தில், ஊன்றிய கம்பத்தின் மேல் ஏற்ற இறக்கப் பலகைபோல் இரும்புச் சட்டம் உட்கார்ந்தது. அதன் ஒரு முனை குழாயின் உள்கம்பியைப் பிடித்துக்கொண்டது. மறுமுனையில் தொங்கிய குழாய்த்துண்டின் அடியில் பிரேக் டிரம்.

"தொட்டில் ஆட்டுற மாதிரி ஒரு தள்ளு தள்ளுங்க."

தள்ளினாள். டிரம் ஆடியது. அது கீழே வரும்போதெல்லாம் சட்டம் அந்தப் பக்கம் தாழ்ந்தது; இந்தப் பக்கம் உள்கம்பி எழும்பியது; வாளியில் தண்ணீர் கொட்டியது. இடது கையாலேயே தள்ள முடிந்தது. அவள் குனிந்து கம்பத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒயர் ஏதும் இல்லை.

"ஓசியில தண்ணி வருதாக்கும்?"

"ஓசி எல்லாம் இல்ல அண்ணி. வேலை அதே வேலைதான். தோள் தூக்கினத இப்ப உடம்பு சாஞ்சு தள்ளுது. தள்ளினத அந்தப் பாரம் வாங்கி வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குழாய்க்குக் குடுக்குது. அவ்வளவுதான்."

கழற்றிய பழைய கைப்பிடியை அவன் கையோடு எடுத்துப் போனதை அவள் கவனித்தாள்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். அவள் வாளியைத் தொட்டியில் கவிழ்க்கும்போதெல்லாம் சுவருக்கு அப்பால் வெல்டிங் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. ஐந்தாம் நாள் பாலிஷ் போட்ட ஷூ அணிந்த ஒருவர் சந்தில் நின்று, குழாயைக் காட்டிக் காட்டிக் கொழுந்தனிடம் ஏதோ கேட்டார். சலவைக்காரி துணித்தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பட்டறையின் இரும்புக் கதவு முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள். ஐந்தைந்தாக, வரிசை வரிசையாக.

"அடிமடியிலேயே கை வைக்கிறான் உங்க தம்பி," என்றாள் கணவனிடம். "இத்தனை வாளித் தண்ணி இவன் மெஷின்லதான் எடுத்தோம்னு எழுதி வெச்சு, குழாய எழுதி வாங்கப் போறான்."

"நீ எதையுமே நேரா பாக்க மாட்டியா?"

அவள் ஈரக் கையோடு நேரே பட்டறைக்குப் போனாள்.

"என் கைப்பிடிய எடு."

கொழுந்தன் முகக்கவசத்தை உயர்த்தினான். அவள் விரல் கதவைக் காட்டியதும் அவன் முகம் சுருங்கியது.

"சந்துல வந்து நின்னாரே, பள்ளிக்கூடங்களுக்குக் குழாய் போட்டுக் குடுக்குற காண்ட்ராக்டர் அவரு. ஆயிரம் வாளி அடிச்சும் பேரிங் தேயலேன்னா ஆர்டர் தர்றேன்னாரு. இந்தத் தெருவுல உங்களவுக்குத் தண்ணி அடிக்கிறவங்க யாரு இருக்கா?"

"அப்ப என் தோளுக்காகச் செய்யல."

"தோள்வலியும் நெசம்தான் அண்ணி. அதுக்காக மட்டும்னு சொன்னாத்தான் பொய்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்ட உதவியை வைத்துக்கொள்ளலாம். புடவையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைக் காட்டினாள். கருநீலமாகக் கன்றியிருந்தது.

"டிரம் திரும்பி வரும்போது இடிக்குது."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? நடுவுலதான் சுவர் கட்டி வெச்சிருக்கியே. எத்தனை வாளின்னு எண்ணத் தெரிஞ்சுது, எத்தனை இடின்னு எண்ணத் தெரியல."

மறுவாரம் காண்ட்ராக்டர் முற்றத்துக்கே வந்தார். "எப்படி இருக்கும்மா?" என்றார். கொழுந்தன் அவளைக் கெஞ்சலாகப் பார்த்தான்.

"தோளுக்கு நல்லாருக்கு. முட்டிக்கு ஆகல. பள்ளிக்கூடத்துல வெச்சா பிள்ளைங்க தலையில இடிக்கும். சுத்திக் கம்பி அடைக்காம வைக்காதீங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போனது. கொழுந்தன் இரண்டு நாள் உர்ரென்று திரிந்தான். மூன்றாம் நாள் கம்பிக் கூண்டோடு வந்து டிரம்மைச் சுற்றிப் பொருத்தினான். அவள் ஒவ்வொரு பற்றவைப்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் என்னத்தத் தேடுறீங்க?"

"இதுல வேற என்ன வெச்சிருக்கியோன்னுதான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் சுவரோரம் நிழல் தட்டியது. அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரலாமா வேண்டாமா என்று நின்றாள். இவன் சொல்லி அனுப்பினானா, இவளாக வந்தாளா? சலவைக்காரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தன் வாளியை நகர்த்தி, குழாயடியில் ஒரு குடத்துக்கு இடம் விட்டாள்.