மறியலைத் தாண்டி

கோரின் ஜூபனுக்குக் கல்லூரியில் பாக்கி இருந்தது பயிற்சி மட்டும்தான். மேடை விளக்கு, ஒலி, நகரும் செட் என்று நிகழ்ச்சித் தொழில்நுட்பம் படித்தவர்கள் கடைசிப் பருவத்தில் ஏதாவது ஓர் அரங்கில் சம்பளமில்லாமல் வேலை செய்தாக வேண்டும். அதற்குக் கல்லூரி மதிப்பெண் தரும். தருவதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும்.

"வேலையும் பாத்து காசும் கட்டணுமா? இதக் கண்டுபிடிச்சவன் கையில முத்தம் குடுக்கணும்," என்று அவள் அப்பா லென் சிரித்தார். சிரித்துவிட்டுக் கட்டினார்.

இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். கிளீவ்லாந்து நகரின் ஹாலோரன் அரங்கில் அவர் தலைமைத் தச்சர். விளக்குப் பிரிவை நடத்திய டோலி ஹேன்ராஹன், கோரின் பல் முளைப்பதற்கு முன்பிருந்தே அவளைத் தெரிந்தவள். "வாடி பெரிய படிப்பு! ஏணி ஏறத் தெரியுமா, இல்ல அதுக்கும் பாடம் எடுத்தாங்களா?" என்று முதல் நாளே வாயைத் திறந்துவிட்டாள். கோரினுக்கு அந்த வாய் பிடித்திருந்தது. இரண்டு மாதம் கேபிள் சுருட்டினாள், பல்பு மாற்றினாள், மத்தியான இடைவேளையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாசேஜ் ரொட்டி தின்றாள்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்து முடிந்த வாரம் வேலைநிறுத்தம் வெடித்தது. பழைய ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. புதியதில் நிர்வாகம் ஆட்களைக் குறைக்கவும் மருத்துவக் காப்பீட்டில் கை வைக்கவும் பார்த்தது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிதான் அரங்கின் வருடாந்திர அறுவடை என்பதால் மேடைத் தொழிலாளர் சங்கம் அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது. பின்வாசலில் தகர பீப்பாயில் விறகு எரிந்தது. நிர்வாகத்தைப் பழித்துக் காட்ட, இரண்டு ஆள் உயரத்துக்குக் காற்றடைத்த ரப்பர் எலியொன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நடிகர்கள் வேறு சங்கம். அவர்கள் போட்டிருந்த ஒப்பந்தம் அவர்களை வெளியே நிற்க விடவில்லை.

கோரின் நேராகப் பேராசிரியர் விட்மரிடம் போனாள். பயிற்சிகளைக் கவனித்துக்கொள்பவர் அவர். அரங்கின் சொந்தக்காரர்களான ஹாலோரன் குடும்பத்தின் பெயர் அந்தத் துறைக் கட்டடத்தின் நெற்றியிலேயே இருந்தது.

"வேற எடம் மாத்திக் குடுங்க, மேடம்."

"பாதிப் பருவம் தாண்டியாச்சு. இப்ப யாரு எடுப்பாங்க? விட்டுட்டா அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து வரணும், கட்டணத்தோட."

"எங்கப்பா வெளிய நிக்கிறாரு."

"புரியுதும்மா. ஆனா நீ அங்க ஊழியர் கெடையாது, மாணவி. அவங்க சண்ட உன் சண்ட இல்ல," என்றார் விட்மர். அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது லென் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். மண்வாரி நிற்கவில்லை.

"போ. முடிச்சிட்டு வா."

கதவருகே நின்ற அம்மா ரோஸ்மேரி, "லென், யோசிச்சுத்தான் பேசுறியா?" என்றாள்.

"அவ படிப்பு அவளுது. சொல்லிட்டேன்ல?"

கோரினுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அப்பாவே சொல்லிவிட்டார். அவர் முகத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, பார்த்தால் என்ன இருக்கும் என்ற பயம் அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை குளிரங்கியின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். வரிசையிலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"கருங்காலி! அடுத்தவன் சோத்துல கைவெக்க வெக்கமா இல்ல?"

டோலியின் குரல். கோரின் நிமிர்ந்தாள். தலைமூடிக்குள் இருந்த முகத்தை டோலி அப்போதுதான் பார்த்தாள்.

"ஓ. நீயா," என்றாள். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பீப்பாய்ப் பக்கம் திரும்பிக் கையைச் சூடேற்றிக்கொண்டாள்.

லென் கையில் கோரிக்கை அட்டை பிடித்திருந்தார். "வழி விடுங்கப்பா," என்றார் மற்றவர்களிடம். விட்டார்கள்.

உள்ளே அலுவலகத்து ஆட்கள் சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் அலைந்தார்கள். தயாரிப்பு மேலாளர் கிராண்ட் பெலட்டியர் அவளைக் கண்டதும் ஓடிவந்தார்.

"லைட் போர்டு ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ்ல ஓட்டிருக்கேன். ஆனா இது டோலியோட..."

"டோலி இங்க இல்லையே. உக்காரு."

உட்கார்ந்தாள். சனிக்கிழமை மத்தியானம் முதல் காட்சி. காதில் மேடை நிர்வாகியின் குரல், விரலுக்குக் கீழே நானூறு விளக்குகள். முதல் பாட்டில் பனிக்காட்டு நீலம் மெல்ல விரிந்தபோது அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் 'ஆ' என்றார்கள். கோரினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் அவளுக்கு அப்பா நினைவே வரவில்லை. ஒரு இடத்திலும் பிசகவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தனை சந்தோஷத்தை அதுவரை அவள் அறிந்ததில்லை. பின்னாளில் அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

வெளியே வந்தாள். லென்னின் தொப்பியில் பனி உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் போச்சா?"

"ம்."

"கைதட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு," என்றார்.

நிகழ்ச்சி ஒரு காட்சிகூட நிற்கவில்லை. ஜனவரியில் சங்கம் இறங்கிவந்து, நிர்வாகம் கேட்டதற்குக் கிட்டத்தட்ட அப்படியே கையெழுத்துப் போட்டது. லென்னுக்கு வேலை தங்கியது. டோலிக்குப் போனது.

கோரினுக்குப் பயிற்சியில் முதல் தர மதிப்பெண். லைட் போர்டு முன்னால் அவள் சிரிக்கும் படத்தைக் கல்லூரி தன் விளம்பரத்தில் போட்டது. அவள் பெலட்டியரிடம் வேலை கேட்டுப் போனாள்.

"பிரமாதமா செஞ்சே, கோரின். ஆனா அடுத்த பருவத்துக்கு ரெண்டு பயிற்சிப் பிள்ளைங்க வர்றாங்க," என்றார். அதில் தப்பாக எதுவும் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் மளிகைக் கடையில் டோலி எதிர்ப்பட்டாள். கோரின் நழுவப் பார்த்தாள். டோலி தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"பேச்சுவார்த்தையில என்ன நடந்துச்சுன்னு உங்கப்பன் சொன்னானா?"

"இல்ல."

"சொல்ல மாட்டான். நான் சொல்றேன். 'இத்தன பேரு எதுக்கு உங்களுக்கு? லென் பொண்ணு ஒருத்தி காசே வாங்காம ஓட்டிக் காட்டிட்டாளே'ன்னான் பெலட்டியர். உங்கப்பன் எதிர்லயே உக்காந்திருக்கான். எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தான். அதுக்கப்புறம் எங்க பக்கத்துல யாருக்கும் வாயே எழல."

கோரின் வாயைத் திறந்தாள்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காத. எனக்கு முட்டை வாங்கணும்," என்று டோலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஊரில் மேடை வேலைக்குச் சங்கத்தை விட்டால் கதி இல்லை. வசந்தத்தில் புதிதாகத் தொழில் பழகுபவர்களில் யாரைச் சேர்ப்பதென்று உறுப்பினர்கள் கைதூக்கி முடிவு செய்யும் கூட்டம் வந்தது. கோரின் பெயர் கொடுத்தாள். லென் வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் வண்டியிலேயே அழைத்துப் போனார். அவர் உள்ளே போக, அவள் வண்டியில் காத்திருந்தாள். திரும்பி வந்து ஏறியவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கையும் ஏறல," என்றார்.

"உங்க கை?"

"என்னுதும் ஏறல."

கோரினுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்கதானப்பா போகச் சொன்னீங்க! போ, முடிச்சிட்டு வான்னு உங்க வாயாலதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்பன் வேற என்னத்தம்மா சொல்லுவான்? உன் படிப்பத் தூக்கி நெருப்புல போடுன்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்?" அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போகமாட்டேன்னு நெனச்சேன். அந்தக் காலையில, வாசல் வரைக்கும் நீ வந்து எங்கூட நிப்பேன்னு நெனச்சேன்."

அவளுக்குப் பதில் இருந்தது. மனசுல நெனச்சா எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் தெரியாமலா முகத்தைப் பார்க்காமல் போனாள்? அவர் வண்டியைக் கிளப்பினார்.

கோடையில் கோரின் கொலம்பஸ் நகருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு ஹோட்டலின் மாநாட்டுக் கூடத்தில் வேலை. பல் மருத்துவர்களுக்கும் காப்பீட்டு முகவர்களுக்கும் மைக் மாட்டிவிடுவாள், திரையில் படம் வருகிறதா என்று பார்ப்பாள். எல்லா விளக்கும் ஒரே வெள்ளை. ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் போனில் பேசுவாள். ஊர்க் கால்பந்து அணி எப்படித் தோற்றது என்பதைப் பற்றிப் பேசுவார்கள். அணி ஜெயித்துவிட்ட வாரங்களில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.