ஒரு மணிக்கு மெயினை இறக்குவார்கள்

அலமாரிப் பட்டறையில் அவளுக்கு மில்லி அக்கா என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று, அறுத்து முடித்த பலகையைக்கூடத் திருப்பி அனுப்புகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சமையலறை அலமாரிகளுக்கான வரைபடம் அத்தனையும் அவள் கைவேலை. அவள் படம் போட்டு அனுப்பினால்தான் அறுக்கிற மெஷினுக்கு வேலை.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். ஒரு நாள் டிப்போ படியில் கால் தவறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடியில் போட்ட விரிப்பைப் பிடித்து இழுத்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதற்கு ஆள் வைக்க வசதியில்லை. வேலையை விட்டாலோ வீட்டில் அடுப்பெரியாது.

முதலாளியிடம் போய் நின்றாள். படம் போடும் மென்பொருள் திறக்க வேண்டுமென்றால், ஆபீஸ் கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருக்கிற கட்டைவிரல் அளவு சாவி வேண்டும். பட்டறைக்கு மொத்தமே ஒரு சாவி. அதைக் கண்ணை விட்டு அனுப்புகிற ஆள் இல்லை அவர்.

"வீட்லேர்ந்தே இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டலாமாம் சார். அதுக்குன்னு மென்பொருள் இருக்காம்" என்றாள்.

"ஓட்டிப் பாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். ஆனா வேலை நேரம்னா வேலை நேரம்தான்மா. நடுவுல நடுவுல எழுந்து போற கதை வேண்டாம். மெஷின் உனக்காகக் காத்துக்கிட்டு நின்னா எனக்குக் கட்டுப்படியாகாது, அப்புறம் வேற ஆள்தான் பாக்கணும். அவரைப் பாத்துக்க யாராவது இருக்காங்கல்ல?"

"நாத்தனார் வர்றாங்க சார்."

அவளுக்கு நாத்தனாரே கிடையாது. கணவருக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

இருந்தது ஒரே ஒரு கொழுந்தன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவனிடம் ஆளாளுக்குச் சொன்ன மென்பொருள்களை அவள் ஒரு பட்டியலாகவே நீட்டினாள். அவன் அதில் பாதியைப் பேனாவால் அடித்தான். "இது கம்ப்யூட்டரோட சும்மாவே வரும் அண்ணி. ஆனா இதுக்காக ஆபீஸ் இன்டர்நெட்ல ஒரு வாசலைத் திறந்து வைக்கணும். சரியாப் பூட்டத் தெரியலைன்னா கண்டவனும் உள்ள வந்துடுவான். நமக்கு வேண்டாம்." அடுத்தது இலவசம், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது. அதைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை அது சொன்னபடி கேட்டது. செவ்வாயன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டித்துக்கொண்டது. வணிக உபயோகம் மாதிரித் தெரிகிறதாம்.

"வீட்ல உக்காந்துதானே செய்யறேன்? இது வீட்டு உபயோகம் இல்லாம வேற என்னவாம்?" என்று அவள் திரையோடு மல்லுக்கு நின்றாள். திரை அசைந்து கொடுக்கவில்லை.

மூன்றாவது, மாதச் சந்தாவில் தொழிலுக்கென்றே விற்பது. ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். கோடு இழுத்தால் கையோடு வந்தது. அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: நீங்கள் வேலை செய்யும்போது அந்தப் பக்கத்துத் திரையை இருட்டாக்கவா? அவள் யோசிக்கவே இல்லை, கட்டத்தில் டிக் போட்டாள். அவள் எழுந்து போனால் மவுஸ் அம்பு நட்டுவைத்த மாதிரி நிற்கும். அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

புதன்கிழமை காலை பிசிறில்லாமல் போனது. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சேமித்து, மூடி, எழுந்து உள்ளே போனாள். கணவரின் விரிப்பு நனைந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கூப்பிடல?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே. பொறுத்துக்கலாம்னு பாத்தேன்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அப்புறம் அழுகை வந்தது. அழுதுகொண்டே துணி மாற்றினாள். "இனிமே கூப்பிடாம இருந்தீங்கன்னா அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவுல போட்டுருவேன். சத்தியமாச் சொல்றேன்." முப்பது பேரை ஏற்றிக்கொண்டு நெரிசலில் பஸ் ஓட்டிய மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

வியாழக்கிழமை அவர் சொன்ன சொல் தவறாமல் நான்கு முறை கூப்பிட்டார். நான்கு முறையும் போனாள். விட்ட நேரத்தைப் பிடிக்க, ஒரு மணி ஆனதையும் கவனிக்காமல் வேலை செய்துகொண்டிருந்தபோது படம் உறைந்தது, தொடர்பு போனது. தானாகச் சேமிப்பது வேகத்தைக் குறைக்கிறது என்று அதை அவளே அணைத்து வைத்திருந்தாள். மூன்று மணி நேர வேலை கண்ணெதிரே காணாமல் போயிற்று. மென்பொருளை வாயில் வந்தபடி திட்டினாள். அதைச் சொன்ன கொழுந்தனையும் விடவில்லை.

பட்டறை மேஸ்திரி போன் செய்தார். "அக்கா, தப்பு என்னோடதுதான். மெயினை இறக்கிட்டேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், யாரோ சுவிட்சைப் போட்டதில் விரலை இழந்தார். அன்றிலிருந்து சரியாக ஒரு மணிக்கு மேஸ்திரி பட்டறை முழுவதற்கும் மெயினை இறக்கிவிடுவார். அதற்கு முன்னால் அவள் அறையை எட்டிப் பார்ப்பார். திரையில் வெளிச்சம் இருந்தால், "அக்கா, இறக்கப் போறேன்!" என்று ஒரு குரல். யூ.பி.எஸ் செத்துப் பல மாதமாகிறது. மேசைக்கடியில் கால் வைத்துக்கொள்ளத்தான் அது பயன்பட்டது. இத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வீட்டிலிருந்து பார்க்கும்போது பட்டறை என்பது வெறும் ஒரு திரையாகிவிட்டிருந்தது.

"ஸ்கிரீன் கருப்பா இருந்துச்சுக்கா. மூடிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார் மேஸ்திரி.

அன்று சாயங்காலம், திரையை இருட்டாக்கும் அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திரை தெரிந்தால் அவள் எழுந்து போவதும் தெரியும். நாத்தனார் கதையும் கந்தலாகும். ஆனால் மறுபடி ஒரு படம் போனால் வேலை கட்டாயம் போய்விடும். டிக்கை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் படம் மெஷினுக்குப் போயாக வேண்டும். முதலாளி பத்து மணிக்கே அவள் அறைக்கு வந்து, திரைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று மேஸ்திரி செய்தி அனுப்பினார். பத்தே முக்காலுக்கு எட்டு நிமிடம் எழுந்து போய் வந்தாள். கோடுகளை விறுவிறுவென்று இழுத்தாள்.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க பாரு... முடியல."

கதவு அளவு ஒன்று பாதியில் நின்றது. கட்டளையின் நடுவில் சேமிக்கவும் முடியாது. அவள் மவுஸை விட்டுவிட்டு எழுந்தாள்.

இந்தத் தடவை சீக்கிரம் முடியவில்லை. துணி மாற்றி, துடைத்து, விரிப்பை இழுத்து அவரை இடப்பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பதினேழு.

"போச்சா?" என்றார் அவர்.

"போனாப் போகுது" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு, செத்த திரையைப் பார்க்கிற தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்தாள்.

படம் அப்படியே இருந்தது. பாதிக் கதவு, பாதி அளவு, விட்ட இடத்திலேயே நிற்கிற அம்பு. ஓரத்தில், இதுவரை யாரும் தொடாத அரட்டைப் பெட்டி திறந்திருந்தது.

'அக்கா ஒரு மணி ஆச்சு. இன்னும் இறக்கல.'

'உங்க படத்தை யாரும் தொடல.'

'அண்ணனைப் பாத்துட்டு மெதுவா வாங்க. மேஸ்திரி.'

அதற்குக் கீழே:

'அம்பு நிக்கறதைப் பாத்தே புரிஞ்சுடுச்சு. நாத்தனார் வரலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. பதினோரு பேரும் கையில சாப்பாட்டுப் பையோட மெயின் பக்கத்துல நிக்கறோம். சேவ் பண்ணிட்டுச் சொல்லு. திங்கட்கிழமைக்குள்ள யூ.பி.எஸ் மாத்திடறேன்.'

அவள் இரண்டு முறை படித்தாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவின் அளவை முடித்து, ஒரு மில்லி கூடியிருந்ததைத் திருத்தி, சேமித்தாள். பிறகு பெட்டியில் அடித்தாள்: 'இறக்குங்க.'

திரை அணைந்தது.

"என்ன, கட்டாயிடுச்சா?" உள்ளேயிருந்து அவர் பதறினார்.

"இல்லங்க" என்றாள் அவள். "எல்லாரும் இப்பதான் சாப்பிடப் போறாங்க."