முப்பத்தோராம் பக்கம்

“இந்த வண்டிய அதிகமா ஓட்டறது யாரு?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் அரசாங்க இன்சூரன்ஸ் ஆபீசின் நான்காவது கவுண்டரில் இருந்த அம்மா அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். “இவதாங்க. நான் எப்பவாவது தொடுவேன், அவ்வளவுதான்.” கவுண்டர் அம்மா அவள் முகத்தையே பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பழகிப்போன காரியம்தான். யார் எது கேட்டாலும் வீட்டில் ஒருவர் பதில் சொல்வார். அவள் தலையை ஆட்டுவாள்.

அந்த ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்த ஒரே ஆபீஸ்தான். யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பமாட்டார்கள். ஆனால் ஓட்டுகிற ஆளைப் பார்த்துத்தான் கட்டணம். இடிக்காமல் ஒரு வருடம் ஓட்டினால் ஒரு படி மேலே, கட்டணம் குறையும். இடித்தால் நான்கு படி கீழே. அண்ணன் மூன்று தடவை இடித்து அதலபாதாளத்தில் கிடந்தான். அவளோ பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்ததோடு சரி. வண்டியைத் தொடாமலே வருடத்துக்கு ஒரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். “நம்ம வீட்லயே நல்ல டிரைவர் இந்த ஊமைக்கோட்டான்தான். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு கேளு, யோசிச்சுச் சொல்லுவா” என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பான் அண்ணன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வாரம் சந்தைத் தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது அண்ணன் தையல்காரம்மாவைத் தட்டிவிட்டான். துணிமூட்டையோடு முதுகைக் காட்டி நின்றிருந்தவர் குப்புற விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கூடிய கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதில், ஓட்டியது யார் என்று அவர் பார்க்கவே இல்லை. அண்ணன் அன்றைக்கே ஆபீசுக்குப் போன் செய்து, ஓட்டியது தங்கை என்று சொல்லிவிட்டான்.

“திங்கக்கிழமை வந்து ஒரு கையெழுத்து போடு. அவ்வளவுதான் வேலை.”

“நான் ஓட்டலையேண்ணே.”

“ஓட்டலன்னு போய்ச் சொல்லேன், என்ன ஆகும்? ஏமாத்திட்டாங்க, இன்சூரன்சே செல்லாதும்பான். அந்தம்மாவுக்கு ஒரு பைசா வராது. கை அப்படியே போயிடும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?”

அது வைக்க வேண்டிய இடத்தில் வைத்த வார்த்தை. பள்ளிக்கூடத்துச் சீருடை தொடங்கி அவள் உடம்பில் பட்ட துணியெல்லாம் அந்தக் கை தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்து வைக்கும்போது பீரோவின் அடித்தட்டில் இன்சூரன்ஸ் புத்தகம் கிடந்தது. உறையே பிரிக்கப்படவில்லை. பிரித்தாள். பொடி எழுத்து. ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப் பக்கம் தாண்டித்தான் மூச்சு விட்டது. விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனாள். முப்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது.

சாலையில் நடந்து சென்று அடிபட்டவருக்கு, தவறு யாருடையதாயினும், வாகனத்துக்குரியவர் பொய்த்தகவல் தந்திருந்தாலும், உதவி எவ்வகையிலும் குறைக்கப்படாது என்று போட்டிருந்தது. கீழே ஒரு பட்டியல். சிகிச்சை, கைக்குப் பயிற்சி, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், சமைக்க ஆள். கடைசியில், ‘தானே தலைவாரிக்கொள்ள இயலாதவருக்கு உதவியாளர்.’

அந்த வரியைத் திரும்பப் படித்தாள். எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கிறார்: கை முறிந்தவள் தலை எப்படி வாருவாள்? அவருக்கு இந்தத் தையல்காரம்மாவைத் தெரியாது. சந்தைத் தெருவைத் தெரியாது. ஆனால் அந்த அம்மா கீழே விழுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவருடைய கூந்தலுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பால் வேன் போயிற்று. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பழைய கார், அதற்குப் பின்னால் கண்ணாடி ஏற்றிய லாரி. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஆபீசில் பணம் கட்டிவிட்டுப் போகிற வருகிற ஒவ்வொருவரும் முகம் தெரியாத ஒரு மணிக்கட்டைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். தெரு இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

பக்கத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. பொய் சொன்னவருக்கு வண்டிச் சேதம் கிடையாது. அடிபட்டவருக்குச் செய்த செலவும் அவரிடமே வசூலிக்கப்படும். அதையும் விடாமல் படித்தாள். தலையாட்டியதும் பொய்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதே கவுண்டரில் அதே அம்மா. மூக்குக்கண்ணாடி மட்டும் புதிது. “அன்னிக்கு ஓட்டினது நீங்கதானேம்மா?”

“ஆமாங்க, இவதான். கொஞ்சம் பயந்த சுபாவம்” என்றான் அண்ணன்.

“நான் அவங்களக் கேட்டேன்.”

அவள் கையெழுத்துப் போடாமல் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

“இல்லீங்க. எங்கண்ணன் ஓட்டினாரு. தினமும் அவருதான் ஓட்டுறாரு. முன்னாடி நான் தலையாட்டினது பொய்.”

“ஏய்!” அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தான். “அந்தம்மா கைய நெனச்சுப் பாத்தியாடி?”

“அவங்களுக்குப் பணம் நிக்காதுண்ணே. புத்தகத்துலயே போட்டிருக்கு, முப்பத்தோராம் பக்கம். நமக்குத்தான் நிக்கும்.”

கவுண்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினேழு வருஷமா இந்தப் புத்தகத்தக் குடுத்துட்டிருக்கேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நகர்த்தினார். “நடந்தத அப்படியே எழுதுங்க. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும்.”

அண்ணன் எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. எழுதத் தொடங்கியவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவன் வாசலுக்குப் போன நேரத்தில் வெளியே தையல்காரம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு கை மாவுக்கட்டில், மற்ற கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். கனமான கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அண்ணன் ஒரு கணம் நின்றான். பிறகு கதவை இழுத்துத் திறந்து, முதுகை அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

“நல்லாயிருப்பே தம்பி” என்றார் தையல்காரம்மா.

அவர் முழுதாக உள்ளே வரும்வரை அவன் தரையைப் பார்த்தபடியே நின்றான். வெளிக்காற்று புகுந்து கவுண்டர்களில் இருந்த தாள்களெல்லாம் படபடத்தன. பிறகு கதவை விட்டான். அது மெல்ல, மிக மெல்ல வந்து மூடிக்கொள்வதற்குள், வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.