ஏழாம் சானலில் பேகிமை

வெள்ளிக்கிழமைக்குள் வாக்கி-டாக்கியை மோட்டார் சைக்கிளில் மாட்டியே ஆக வேண்டும் ஆடு மேய்க்கிற சாதிருக்கு. நாரின் நகரச் சந்தையில் வாங்கிய சீனத்துச் சாமான்தான், இருந்ததிலேயே மலிவானது. பள்ளத்தாக்கில் கூடாரத்துக்கு ஒன்று உண்டு. ஓநாய் வந்தாலும் அதில்தான் சொல்வார்கள், உப்பு தீர்ந்தாலும் அதில்தான் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே சானல், ஏழு. ஒருவர் வாயைத் திறந்தால் அத்தனை கூடாரத்துக்கும் கேட்கும்.

செல்போன் இங்கே வெறும் டார்ச் விளக்கு. சிக்னல் வேண்டுமானால் கணவாய்க்கு ஏற வேண்டும், ஒரு மணி நேரம். அங்கேதான் சாதிரின் அண்ணி அனார்கான், லாரிக்காரர்களுக்குக் குமிஸ், அதுதான் புளித்த குதிரைப்பால், விற்கிறாள். மாஸ்கோவில் ஹோட்டல் அறைகளைத் துடைக்கிற பேகிமை, அதாவது சாதிரின் மனைவி, வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு நடுவே கிடைக்கும் கால் மணி நேரத்தில் அண்ணியின் போனுக்குக் கூப்பிடுவாள். அண்ணி போனை வாக்கி-டாக்கியின் வாயருகே வைத்துப் பொத்தானை அமுக்குவாள். மாஸ்கோக் குரல் மலையிறங்கி வந்துவிடும்.

வந்து என்ன செய்ய? அந்த நேரத்தில் சாதிர் முந்நூறு ஆடுகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் திரிந்துகொண்டிருப்பான். வீட்டுக் கருவி கூடாரத்தில் தனியே கத்தும். இரண்டு வெள்ளிக்கிழமை அப்படியே போயிற்று. இரண்டாவது வாரம் பேகிமை சொல்லி வைத்ததை அன்று சாயங்காலம் அண்ணி சொன்னாள்.

"ஹோட்டல்ல இன்னும் ஒரு வருஷ வேலைக்குக் கையெழுத்துக் கேக்கறாங்களாம் கொழுந்தா. வர்ற வெள்ளிக்கிழம போடணும். போடட்டுமா வேணாமான்னு உன் வாயால கேக்கணுமாம் அவளுக்கு."

அவள் போய் மூன்று வருஷம். வா என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை. ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டே மூன்று குளிர்காலம் தள்ளிவிட்டார்கள், பாருங்கள்.

வியாழக்கிழமை மதியம் பக்கத்துக் கூடாரத்து ஒஸ்மோன் வந்து குந்தினான். சாதிர் பழைய டியூபைக் கீறி, கருவியை ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தாயிற்று. ஏரியலைப் பின் கேரியரில் நட்டு வைத்திருந்தான்.

"ஏரியலப் பெயின்ட்டு மேலயே வச்சு முடுக்கியிருக்க. சுரண்டுடா! இரும்பு இரும்பைத் தொடணும்" என்றான் ஒஸ்மோன்.

சாதிர் சுரண்டினான். உதைத்துக் கிளப்பினான். கருவியிலிருந்து கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு சடசடப்பு. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சட்டியில் கடுகு கூடியது.

"என் பொண்டாட்டிகூட இதைவிடத் தெளிவாத் திட்டுவா" என்று ஒஸ்மோன் சிரித்தான். "இது பிளக்கு பண்ற வேலை. இரு." போய்ப் பழைய சாமான் பெட்டியைக் குடைந்து வேறொரு பிளக் தொப்பி கொண்டுவந்து மாட்டினான். சத்தம் பாதியாயிற்று. மீதிப் பாதி போகவில்லை.

"கூப்பிடுறது கேக்கும். பேசுறது கேக்கணும்னா வண்டிய அணைச்சிடு. மவராசி குரலைவிட இஞ்சின் முக்கியமா உனக்கு?"

சாதிர் கருவியிலிருந்து ஒயரில் நீளும் மைக்கைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆடுகள் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது சடசடப்புக்குள்ளே ஒரு அதட்டல்.

"கொழுந்தா! இருக்கியா செத்தியா?"

அவன் வண்டியை அணைத்தான். சட்டென்று மலை அமைதியானது. "இருக்கேன் அண்ணி."

"இந்தா, உன் ஆளு."

அப்புறம் அந்தக் குரல். போனுக்குள் புகுந்து, வாக்கி-டாக்கிக்குள் நுழைந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஆனாலும் அவள்தான்.

"நாந்தாங்க. கேக்குதா?"

"கேக்குது."

"நல்லா இருக்கீங்களா?"

"ம்."

குறுக்கே ஒஸ்மோன் பொத்தானை அமுக்கினான். "இந்த 'ம்'முக்காடா நேத்து முழுக்க என்னை வேல வாங்கின?" ஆற்றோரத்துக் கூடாரத்திலிருந்து குலாய்ம் சிரிப்பது கேட்டது.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று அண்ணி சத்தம் போட்டாள். சானல் அடங்கியது.

"பேனா கையில இருக்குங்க" என்றாள் பேகிமை. "என்ன செய்யட்டும்? சொல்லுங்க."

பள்ளத்தாக்கு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பொத்தானை அமுக்கினான். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் மைக்கை ஓடைப் பக்கம் நீட்டினான். தாய் ஆடுகள் கத்தின, நனைந்த குட்டிகள் பதிலுக்குக் கத்தின, கல்லுக்கு மேல் தண்ணீர் ஓடியது. இதை அவள் கேட்கட்டும் என்று நினைத்தான். கடைசி ஆடு கரையேறும்வரை நீட்டியபடியே நின்றான். அப்புறம் மைக்கை வாயருகே கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

மூன்று வருஷத்துப் பேச்சு, கண்ணுகளா. காலையில் இன்னமும் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பதைச் சொன்னான். அவளுடைய கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பதைச் சொன்னான். பழுப்புக் குதிரை வேறு யார் கறந்தாலும் நிற்காமல் நகர்ந்து நகர்ந்து போவதைச் சொன்னான். வந்துவிடு என்று சொன்னான். விரலை எடுத்தான்.

"டேய்!" அண்ணிதான். "ஆடு கத்துனது மட்டுந்தான்டா வந்துச்சு. ஒரு நிமிஷத்துக்கு மேல அமுக்குனா அதுவா அணைஞ்சிடும்னு தெரியாதா உனக்கு? ஓடைச் சத்தத்தைக் கேட்டே இவ அழறா. நேரமாச்சு, சீக்கிரம் பேசு."

அவன் பேசியதெல்லாம் ஆட்டுக்கும் கல்லுக்கும்தான் கேட்டிருக்கிறது. அதையெல்லாம் இரண்டாவது தடவை எப்படிச் சொல்வது? பொத்தானை அமுக்கினான்.

"போடாத. வந்துடு."

அவ்வளவுதான். யாரும் கிண்டல் செய்யவில்லை.

"போடலைங்க" என்றாள் பேகிமை. மூக்கை உறிஞ்சினாள். "பழைய கையெழுத்துக்கு இன்னும் நாள் இருக்கு. முடிச்சிட்டு, மொதப் பனிக்கு வந்துடறேன். அப்புறம் இன்னொண்ணுங்க..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. ஒஸ்மோன் சந்தோஷம் தாங்காமல் பொத்தானை அமுக்கினான், குலாய்மும் அமுக்கினாள், மேல் மேய்ச்சலில் யார் யாரோ அமுக்கினார்கள். எல்லாமாகச் சேர்ந்து ஒரே கீச்சு. வாழ்த்துகிறார்களா திட்டுகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. சாதிர் கருவியை ஓங்கித் தட்டினான். கீச்சு ஓய்ந்தபோது அங்கே அண்ணி மட்டும் இருந்தாள்.

"வச்சிட்டா. வேலைக்குக் கூப்பிட்டாங்களாம்."

"இன்னொண்ணுன்னாளே, அது என்ன அண்ணி?"

"ஆட்டுச் சத்தத்துக்கப்புறம் நீ என்னமோ பேசியிருப்பேன்னு அவளுக்குத் தெரியுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுறப்ப மறுபடி கூப்பிடுவா. மேல வந்து போன்லயே, அவ காதுல மட்டும் சொல்லணுமாம்."

சாதிர் ஆடுகளைப் பார்த்தான், கணவாயைப் பார்த்தான்.

"ஓடுடா, ஆட்டை நான் பாத்துக்கறேன்" என்றான் ஒஸ்மோன். சானலே குழைந்து போயிருந்தது.

அவன் வண்டியை உதைத்தான். மேடு ஏற ஏற, சொன்னதையெல்லாம் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே போனான். கிண்ணம், சட்டை, குதிரை. இரண்டாவது வளைவில் சட்டை மறந்துபோயிற்று. நிறுத்தி, தலையைச் சொறிந்து, நினைவுக்குக் கொண்டுவந்து, மறுபடி கிளம்பினான். சட்டைக்கும் குதிரைக்கும் நடுவே இன்னும் ஏதோ ஒன்று சொன்ன மாதிரி இருந்தது. அது என்னவென்று தேடிக்கொண்டே ஏறினான்.